ஃபார்மட் அடிச்சுடு மச்சி!

"டெஸ்க்டாப்ல இருந்த ஐகான் எல்லாம் காணோம் மச்சி."

"ஃபார்மட் அடிச்சுடு."

"ஃபோல்டரைத் திறந்தா ரெண்டு செகண்ட்ல தானா மூடிக்குது."

"ஃபார்மட் அடிச்சுடு."

"ஸ்கிரீன் மினுக்கிக்கிட்டே இருக்கு."

"அட, ஃபார்மட் அடிச்சுட்டு வேற டிஸ்ட்ரோ போடு. உபுண்டு வேஸ்ட்டு."

லினக்ஸ் வைத்திருக்கும் மாணவர்கள் நாலு பேர் சேர்ந்த இடத்தில் இந்த உரையாடல் நடக்காமல் இருக்காது. சொல்லப்பட்டவை மூன்று வெவ்வேறு நோய்கள். மருந்து மட்டும் ஒன்றே ஒன்று. சளி, பல்வலி, கால் சுளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் யாராவது இரண்டாவது தடவை போவார்களா? ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் அப்படிச் சொல்பவருக்குப் பெயர் "எக்ஸ்பர்ட்". கிளாஸில் பாதிப் பேர் அவரிடம்தான் லேப்டாப்பை நீட்டுகிறார்கள்.

ஃபார்மட் என்பது வைத்தியமே இல்லை. போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்பே பிணத்தை எரிப்பது. என்ன கோளாறு, எங்கே, எதனால் என்ற மூன்று கேள்விக்கும் பதில் அந்த மெஷினுக்குள்தான் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. முதல் வேலையாக அதை அழித்துவிட்டு "சரியாயிடுச்சு பார்" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இந்தப் பழக்கம் வந்த கதை தெரிந்ததுதான். எக்ஸ்பி காலத்தில் அதற்கு ஓரளவு நியாயமும் இருந்தது. பென்டிரைவைச் செருகினால் ஆட்டோரன் வைரஸ், அது போன இடமெல்லாம் குட்டி போட்டிருக்கும், எந்த ஃபைல் நல்லது எது கெட்டது என்று பிரிக்க முடியாது. சர்வீஸ் கடைக்காரர் சி டிரைவை அழித்து ஓஎஸ் போட்டுக் கொடுத்து சில நூறு ரூபாய் வாங்கிக்கொள்வார். டி டிரைவில் படமும் பாட்டும் பத்திரமாக இருக்கும். அவருக்கு அன்று வேறு வழி இல்லை. அந்த வைத்தியத்தை அப்படியே தூக்கிக்கொண்டு லினக்ஸுக்கு வந்தவர்கள் மீதுதான் கோபம். ஏனென்றால் இங்கே கணக்கே வேறு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டெஸ்க்டாப்பிலோ ஃபைல் மேனேஜரிலோ கோளாறு என்றால் அது ஒளிந்திருக்கக்கூடிய இடங்கள் குறைவு. உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு மறைந்திருக்கும் செட்டிங்ஸ் ஃபைல்கள் ஒன்று. சிஸ்டத்தில் நிறுவியிருக்கும் பாக்கேஜ்கள் இன்னொன்று. அதற்கும் கீழே கெர்னல், கிராஃபிக்ஸ் டிரைவர், கடைசியில் ஹார்டுவேர்.

கோளாறு செட்டிங்ஸில் என்று வையுங்கள். விவரம் தெரிந்தவர் ஹோமைத் தனி பார்ட்டிஷனில் வைத்திருப்பார், ஃபார்மட் அடிக்கும்போது அதைத் தொடமாட்டார். விளைவு? புது சிஸ்டம், பழைய ஹோம், பழைய செட்டிங்ஸ், அதே கோளாறு! தனி பார்ட்டிஷன் இல்லாதவருக்குக் கோளாறு போய்விடும், வாஸ்தவம். கூடவே ஹோமும் போய்விடும்.

கோளாறு கெர்னலிலோ டிரைவரிலோ என்று வையுங்கள். அதே டிஸ்ட்ரோவை மறுபடி போட்டு அப்டேட்டும் கொடுத்தால் அதே கெர்னல், அதே மேசா, அதே மினுக்கல். ஹார்டுவேர் என்றால் சொல்லவே வேண்டாம். லூசான டிஸ்ப்ளே கேபிளை எந்த ஐஎஸ்ஓவும் இறுக்கிக் கொடுத்ததில்லை. ஆக ஃபார்மட்டுக்கு மிச்சம் இருப்பது நடுவில் உள்ள பாக்கேஜ்கள் மட்டும்தான். அங்கேயும் கெட்டுப்போன ஒரு பாக்கேஜை மட்டும் மறுபடி நிறுவ ஏப்ட்டிலும் வழி இருக்கிறது, டிஎன்எஃப்பிலும் இருக்கிறது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

இதனால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்கள் இந்த இடத்தை யோசிக்கட்டும். கடைசி வருட மாணவி ஒருவர், இரண்டு நாளில் வைவா. ஃபோல்டர் திறக்கவில்லை என்று சீனியரிடம் லேப்டாப்பைக் கொடுக்கிறார். "பேக்கப் இருக்கா?" என்று கேட்டால் "டாக்குமெண்ட்ஸ் எல்லாம் டிரைவ்ல இருக்கு" என்கிறார். டாக்குமெண்ட்ஸ் இருக்கிறது, சரி. ஆனால் கிட்டில் கமிட் செய்து இன்னும் புஷ் செய்யாத கோட்? லோக்கல் டேட்டாபேஸில் ஒரு செமஸ்டராகச் சேர்த்த டேட்டா? அது ஹோமுக்கு வெளியே, வார் டைரக்டரிக்குள் இருக்கிறது என்று பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. எஸ்எஸ்எச் சாவிகள்? ஃபயர்ஃபாக்ஸில் சேமித்த பாஸ்வேர்டுகள்? இவை எல்லாமே கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டர்கள். ஃபோல்டர் திறக்காத கோளாறு ஒரு வரியில் தீர்ந்திருக்கும். அதற்கு விலை ஒரு செமஸ்டர். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது எக்ஸ்பர்ட் என்ன சொல்வார் தெரியுமா? "பேக்கப் எடுக்காதது உன் தப்பு."

ஒரு வரியில் தீரும் என்று சும்மா சொல்லவில்லை. லினக்ஸில் மிக அதிகம் பேரைப் படுத்திய ஒரு கோளாறை எடுத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம் ஃபோல்டரில் ஒரு ஃபைலை மாற்றவேண்டும், அனுமதி இல்லை என்கிறது. பக்கத்து ரூம் அறிஞர் சொல்லும் வழி: டெர்மினலில் சுடோ போட்டு நாட்டிலஸை ஓட்டு. வேலை முடிந்தது, எல்லோரும் மகிழ்ச்சி. அடுத்த நாளிலிருந்து விசித்திரங்கள் ஆரம்பம். வால்பேப்பர் மாற்றினால் நிற்கவில்லை. ஃபைல் மேனேஜரில் வைத்த புக்மார்க் மறைகிறது. சில சமயம் ஃபைல் மேனேஜரே திறக்க மறுக்கிறது. எல்லாம் போகப் போக, லாகின் திரையில் சரியான பாஸ்வேர்டை அடித்தும் ஒரு நொடி இருட்டாகி மறுபடி அதே லாகின் திரை வந்து நிற்கிறது. பேய் பிடித்தது போலத்தான் இருக்கும்.

பேய் எல்லாம் இல்லை. சுடோ என்றால் அந்த புரோகிராம் ரூட்டாக ஓடுகிறது. உபுண்டுவில் 19.10-க்கு முந்தைய பதிப்புகளில் சுடோ போட்டாலும் ஹோம் என்பது உங்கள் ஹோமாகவே இருந்தது. அதாவது ரூட்டாக ஓடும் நாட்டிலஸ், தன் செட்டிங்ஸை உங்கள் வீட்டுக்குள் வந்து எழுதிவிட்டுப் போகும். எழுதிய ஃபைலுக்கு உரிமையாளர் ரூட். நாளைக்கு நீங்கள் சாதாரணமாக நாட்டிலஸைத் திறந்தால், உங்கள் வீட்டு அலமாரிக்கே உங்களிடம் சாவி இல்லை. லாகின் வட்டமடிப்பதும் இதே கதைதான். லைட்டிஎம் லாகின் திரை உள்ள சிஸ்டங்களில் எக்ஸ்அதாரிட்டி என்ற மறைவு ஃபைல் ரூட் பெயருக்குப் போய்விட்டால் டெஸ்க்டாப் எழும்பாது.

கண்டுபிடிப்பது எப்படி? ஹோமுக்குள் ரூட் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று ஃபைண்ட் கட்டளையைக் கேட்டால் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். தீர்ப்பது எப்படி? உரிமையாளரை மாற்றும் கட்டளை, ஒரே வரி. இதற்குத்தான் ஹார்டு டிஸ்க்கையே அழிக்கச் சொல்கிறார்கள். அழித்துவிட்டு, அடுத்த வாரம் அதே அறிஞர் சொன்னபடி அதே சுடோவைப் போட்டு, அதே கோளாறை வாங்கிக்கொண்டு, "லினக்ஸே இப்படித்தான் மச்சி, ஸ்டேபிள் இல்ல" என்ற தீர்ப்பு வேறு. க்னோமில் இதற்கென்றே முகவரிப் பட்டையில் அட்மின் என்று தொடங்கும் பாதை கொடுத்தால் பாஸ்வேர்ட் கேட்டுத் திறக்கிற வசதி 2016 வாக்கிலேயே வந்துவிட்டது. அதைச் சொல்லித் தருபவர் எத்தனை பேர்?

டிஸ்ப்ளே பக்கம் இதைவிடக் கொடுமை. அங்கே ஃபார்மட்டுக்கு ஒரு தம்பி உண்டு, பெயர் நோமோட்செட். திரை கருப்பாக நிற்கிறதா, கிரப்பில் நோமோட்செட் போடு. திரை மினுக்குகிறதா, நோமோட்செட் போடு. அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று கேட்டால் பதில் வராது. கெர்னலிடம் "கிராஃபிக்ஸ் கார்டை நீ தொடாதே" என்று சொல்வதுதான் அது. இன்டெல், ஏஎம்டி, நூவோ டிரைவர்கள் எதுவும் வேலைக்கு வராது. மெஷின் ஆன் ஆகும்போது ஃபர்ம்வேர் அமைத்துக் கொடுத்த சாதாரணத் திரையோடு சமாளிக்கும். படம் வரைகிற வேலை முழுக்க சிபியு தலையில். புது என்விடியா கார்டில் இன்ஸ்டாலரைத் திறக்கவே முடியவில்லை, ஒருமுறை உள்ளே போய் டிரைவர் போடவேண்டும் என்றால் சரி, அதற்காக இருக்கிற ஊன்றுகோல் அது. அதை நிரந்தரமாக எழுதி வைத்தால்? பிரைட்னஸ் மாறாது. செமினார் ஹாலில் புரொஜெக்டரைச் செருகினால் கண்டுகொள்ளாது. வீடியோ திக்கித் திக்கி ஓடும், ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். ஆறு மாதம் கழித்து "லினக்ஸ்ல பேட்டரி நிக்காது" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். சந்தேகம் இருந்தால் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவில் ரெண்டரர் என்ற வரியைப் பாருங்கள். எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு தூங்குகிறது, சிபியுதான் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறது :-)

இன்னொரு புராதன மருந்து, இன்டெல் டிரைவரில் டியர்ஃப்ரீ என்று ஒரு வரி எழுதி எக்ஸ்ஆர்க் ஃபோல்டரில் போடுவது. ஒரு காலத்தில் திரை கிழிவதற்கு அது உண்மையான மருந்துதான். ஆனால் 2016-லேயே டெபியனும் உபுண்டுவும் பெரும்பாலான இன்டெல் சிப்புகளுக்கு அந்தப் பழைய டிரைவரை விட்டு மோட்செட்டிங் டிரைவருக்கு மாறிவிட்டன. பழைய டிரைவர் நிறுவப்படாத மெஷினில் அந்த வரியை எழுதினால் எக்ஸ் இல்லாத டிரைவரைத் தேடிவிட்டு, திரையே இல்லை என்று நின்றுவிடும். வேலண்டில் ஓடும் டெஸ்க்டாப்பிலோ அந்த ஃபைலை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உபுண்டுவில் 2021 முதல் வேலண்ட்தான் இயல்பாக வருவது. மருந்துச் சீட்டில் தேதி பார்க்காமல் மாத்திரை விழுங்குவது என்றால் இதுதான்.

மாணவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயம் ஆகாது. இந்த நோயைப் பரப்பியதில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் பங்கு உண்டு. க்னோம் விழுந்தால் ஒரு வெள்ளைத் திரை வரும். சோக முகத்தோடு ஒரு கம்ப்யூட்டர் படம், ஏதோ தவறு நடந்துவிட்டது என்று ஒரு வாக்கியம், லாக் அவுட் என்று ஒரே ஒரு பட்டன். என்ன தவறு? எந்த எக்ஸ்டென்ஷன்? எந்த ஃபைல்? ஒரு வார்த்தை கிடையாது. விவரம் எல்லாம் ஜர்னலில் வரிவரியாகப் பதிந்திருக்கிறது, அதைப் பார் என்று ஒரு வரி சேர்க்க மனசு வரவில்லை. பயந்துவிடுவார்களாம்! இப்போது பயப்படாமலா இருக்கிறார்கள்? பயந்துபோய் ஹார்டு டிஸ்க்கையே அழிக்கிறார்கள்.

டெஸ்க்டாப் ஐகான் காணாமல்போன கதையும் அப்படித்தான். பல வருடங்களாக க்னோமில் டெஸ்க்டாப்பில் ஐகான்களை வரைந்தது நாட்டிலஸ்தான், அதாவது ஃபைல் மேனேஜரேதான். அதனால்தான் அது விழுந்தால் டெஸ்க்டாப்பும் சேர்ந்து விழுந்தது. 2018-ல் வந்த 3.28 பதிப்பில் அந்த வேலையை நாட்டிலஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய கோட், பராமரிக்க ஆள் இல்லை, காரணம் நியாயமானதே. உபுண்டு 18.04 இதற்காகவே நாட்டிலஸை மட்டும் பழைய 3.26-ல் நிறுத்தி வைத்தது, 19.04-ல் எக்ஸ்டென்ஷன் ஒன்றின் தலையில் அந்த வேலையைக் கட்டியது. மற்ற டிஸ்ட்ரோக்களில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு டெஸ்க்டாப் துடைத்து வைத்தது போல இருந்தது. ஃபைல்கள் எதுவும் அழியவில்லை. டெஸ்க்டாப் என்ற ஃபோல்டருக்குள் அப்படியே இருந்தன, வரைந்து காட்டத்தான் ஆள் இல்லை. ஃபைல் மேனேஜரைத் திறந்து அந்த ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்திருந்தாலே விஷயம் முடிந்தது. அதைக் கோளாறு என்று நினைத்து ஃபார்மட் அடித்தவர் புதுசாகப் போட்ட அதே பதிப்பிலும் காலி டெஸ்க்டாப்பைத்தான் பார்த்திருப்பார், இந்தமுறை ஃபைலும் இல்லாமல்.

அப்புறம் இந்த "மேனுவல் படி" கோஷ்டி. ஃபார்மட் கோஷ்டிக்கு நேர் எதிர் என்று தங்களை நினைத்துக்கொள்பவர்கள். புதுசாக வந்த ஒருவர் திரை மினுக்குகிறது என்றால், "லாக் எங்கே? கெர்னல் வெர்ஷன் என்ன? கேள்வி கேட்கத் தெரியாதா?" என்று பாய்வார்கள். லாக் எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பாய்ந்தாலும் பரவாயில்லை. அடுத்து "என் மெஷின்ல ஒழுங்காத்தான் ஓடுது" என்பார்கள். உங்கள் மெஷினில் ஓடினால் அவருக்கு என்ன? கதவு இப்படி முகத்தில் சாத்தப்பட்ட ஆள் நேராகப் போவது ஃபார்மட் கோஷ்டியிடம்தான். அங்கே குறைந்தபட்சம் டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டு, அன்போடு ஹார்டு டிஸ்க்கை அழிக்கிறார்கள்.

"ஃபார்மட் இருபது நிமிஷம், நீ சொல்ற மாதிரி நோண்டினா ரெண்டு நாள்" என்பதுதான் எக்ஸ்பர்ட்களின் ஒரே உருப்படியான வாதம். இருபது நிமிடம் இன்ஸ்டாலருக்கு. அதன்பிறகு தமிழ் எழுத்துரு, விசைப்பலகை, பிரின்டர், காலேஜ் வைஃபை சான்றிதழ், பைத்தான் லைப்ரரிகள், எடிட்டர் அமைப்புகள்... இதெல்லாம் யார் கணக்கு? எதிர்ப்பக்கம், நோண்டுவதற்கு இரண்டு நாள் ஆவது எங்கே தொடங்குவது என்று தெரியாதவருக்கு. தெரிந்தால் பாதி விஷயம் கால் மணி நேரத்தில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

திரை குப்பையாகத் தெரிகிறதா? அந்த நிலையிலேயே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு மெஷினிலோ போனிலோ திறந்து பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டிலும் குப்பை இருந்தால் வரைகிற இடத்தில் பிரச்சினை, அதாவது மேசாவோ கம்போசிட்டரோ அப்ளிகேஷனோ. ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்து திரை மட்டும் அலங்கோலம் என்றால் வரைந்தது சரி, திரைக்குக் கொண்டுபோகிற வழியில் கோளாறு. டிரைவரோ பேனலோ கேபிளோ. பயாஸ் திரைக்குள் போயும் மினுக்கினால் லினக்ஸை விட்டுவிடுங்கள், அங்கே லினக்ஸே ஓடவில்லை. பயாஸில் அமைதி, லினக்ஸில் மட்டும் மினுக்கல், அதுவும் இன்டெல் லேப்டாப் என்றால் பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்ற மின்சேமிப்பு வித்தையைக் கெர்னல் வரியில் ஒருமுறை அணைத்துப் பார்க்கலாம். போன வாரம் வரை நன்றாக இருந்ததா? கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷனுக்குள் பழைய கெர்னல் இன்னும் உட்கார்ந்திருக்கும். அதில் பூட் செய்து கோளாறு மறைந்தால் குற்றவாளி யார் என்று கோர்ட்டுக்குப் போகாமலே தெரிந்துவிட்டது.

டெஸ்க்டாப் உறைந்து நின்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3. கருப்புத் திரையில் லாகின் கேட்டால் மெஷின் உயிரோடு இருக்கிறது, மேலே இருக்கிற சட்டை மட்டும்தான் கிழிந்திருக்கிறது. அங்கேயே டிஎஃப் அடித்து டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ரூட் பார்ட்டிஷனில் இடம் சுத்தமாக இல்லையென்றால் டெஸ்க்டாப் எழும்பாது, அதற்கும் நம்ம ஊரில் ஃபார்மட்தான் அடிக்கிறார்கள். பிறகு புதிதாக ஒரு யூசரை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். இந்த ஒரு சோதனைக்கே கோயில் கட்டலாம். புது யூசருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடினால் சிஸ்டம் மீது பழி இல்லை, உங்கள் ஹோமுக்குள் இருக்கிற ஏதோ ஒரு செட்டிங்ஸ்தான். அப்போதும் கான்ஃபிக் ஃபோல்டரை மொத்தமாக அழிக்கவேண்டாம், பெயரை மாற்றி வைத்தால் போதும். தப்பு என்றால் திரும்ப மாற்றிக்கொள்ளலாம். ஃபைல் மேனேஜர் மட்டும்தான் தகராறு என்றால் அதை முழுசாக மூடிவிட்டு டெர்மினலிலிருந்து திறந்தால் தன் புலம்பலை எல்லாம் அங்கேயே கொட்டும். குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரில் மட்டும் விழுகிறதா? பாதி டவுன்லோட் ஆன ஒரு வீடியோவுக்குச் சிறுபடம் எடுக்கப் போய்ச் சிக்கியிருக்கலாம். ஜர்னல்சிடிஎல் இருக்கவே இருக்கிறது, போன பூட்டில் நடந்ததைக்கூடச் சொல்லும். அதில் எல்லா வரியும் புரியவேண்டும் என்று இல்லை. விழுந்த நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பத்து வரியைப் படித்தாலே போதும்.

ஃபார்மட்டே கூடாதா என்றால், கூடும். யாரோ உள்ளே புகுந்து ரூட் அதிகாரம் எடுத்துவிட்டார் என்று தெரிந்தால் அடியுங்கள். லேப்டாப்பை விற்கப்போகிறீர்கள், அடியுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு, சரிசெய்வதைவிடப் புதுசாகப் போடுவது சுலபம் என்று முடிவெடுத்தால் தாராளமாக அடியுங்கள், ஹோமை மறைவு ஃபோல்டர்களோடு காப்பி எடுத்துவிட்டு. டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று சந்தேகம் இருந்தால் மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள். முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள்.

பி.கு: பென்டிரைவில் எல்லாவற்றையும் அழித்தும் இடம் காலி ஆகவில்லை என்று பென்டிரைவையும் ஃபார்மட் அடிக்கிற ஒரு கிளைச் சங்கம் உண்டு. ஃபைல் மேனேஜரில் டிலீட் கொடுத்தால் அது அழிப்பதில்லை. பென்டிரைவுக்குள்ளேயே டிராஷ்-1000 என்று புள்ளி வைத்த ஒரு மறைவு ஃபோல்டரை உருவாக்கி அதில் போட்டு வைக்கிறது. அந்த 1000 என்பது பெரும்பாலான மெஷின்களில் முதல் யூசரின் எண். கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியும். பென்டிரைவைச் செருகியிருக்கும்போதே குப்பைத்தொட்டியைக் காலி செய்தால் இடம் திரும்பி வந்துவிடும்.